இக்ராரும் தஃவாவும்: ஜேம்ஸ் வொட்சனின் ‘இரட்டைச் சுருள்’

1955 ஆம் ஆண்டுக் கோடையில் ஜேம்ஸ் வொட்சன் நண்பர்களோடு அல்ப்ஸ் மலையில் ஏறிக்கொண்டிருக்கிறார். எதிரே இறங்கிவரும் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மொறிஸ் வில்கின்ஸோடு வேலை செய்த வில்லி சீட்ஸ். நின்று நாலு வார்த்தை கதைப்பார் என்று வொட்சன் எதிர்பார்க்கிறார். அவரோ, ‘நேர்மையான ஜிம்’ என்று பட்டம் வைத்து ஒரு சுகவிசாரிப்பை வீசிவிட்டு நிற்காமல் நடந்துபோகிறார். பாராட்டு இல்லை, குத்தல். டி.என்.ஏ.யின் கட்டமைப்பைக் கண்டுபிடித்து இரண்டு வருடங்கள்தான் ஆகியிருக்கின்றன. லண்டன்காரர்களின் மனதில் என்ன கிடக்கிறது என்பது அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிடுகிறது.

வொட்சன் தன் நூலை இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறார். கையெழுத்துப் பிரதியாக அது பலரின் கைகளில் சுற்றிவந்த காலத்தில் அதற்கு ‘நேர்மையான ஜிம்’ என்றே பெயர் வைத்திருந்தார். தன் முகத்தில் வீசப்பட்ட ஏளனத்தை எடுத்து நெற்றியில் பட்டயமாக ஒட்டிக்கொள்ளும் துணிச்சல் எல்லாருக்கும் வராது. ஹாவர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட இருந்த நூல் அது. பிரான்சிஸ் கிறிக்கும் வில்கின்ஸும் கடுமையாக ஆட்சேபித்ததால் ஹாவர்ட் பின்வாங்கியது. 1968 இல் வேறொரு பதிப்பகம் ‘இரட்டைச் சுருள்’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. டி.என்.ஏ. கட்டமைப்பின் கண்டுபிடிப்பைப் பற்றிய தனிப்பட்ட விவரணம் என்று உபதலைப்பும் உண்டு. 2025 நவம்பரில், 97 வயதில், வொட்சன் இறந்த செய்தி வந்த பிறகு இந்நூலை நான் திரும்ப எடுத்தேன். இம்முறை என்னை மறித்து நிறுத்தியது அந்த ‘நேர்மை’ என்ற சொல்தான்.

கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1951 இல், 23 வயது அமெரிக்கரான வொட்சன் கேம்பிரிட்ஜின் கவென்டிஷ் ஆய்வுகூடத்துக்கு வருகிறார். அங்கே கிறிக் இருக்கிறார். 35 வயது, இன்னும் கலாநிதிப் பட்டம் முடிக்கவில்லை, வாய் ஓயாது. இருவருக்கும் டி.என்.ஏ. மீது ஒரே பைத்தியம். ஆனால் டி.என்.ஏ.யின் எக்ஸ் கதிர் ஆய்வு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பங்கில் இருக்கிறது. அங்கே வில்கின்ஸும் றொசலின்ட் பிராங்ளினும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலை. அமெரிக்காவில் லைனஸ் போலிங் என்ற பெரிய தலை வேறு களத்தில் இறங்கப்போகிறது. யார் முந்துவது என்பதுதான் கதை. 1953 பெப்ரவரி 28 காலையில் வொட்சன் அட்டையில் வெட்டிய மூல வடிவங்களை மேசையில் வைத்து மாற்றி மாற்றிப் பொருத்துகிறார். அடினின் தைமினோடும், குவானின் சைற்றோசினோடும் சோடி சேர்கின்றன. இரு சோடிகளுக்கும் ஒரே வடிவம். அங்கே முடிச்சு அவிழ்கிறது. ஏப்ரல் 25 ஆம் திகதி ‘நேச்சர்’ சஞ்சிகையில் கட்டுரை வெளிவருகிறது. 1962 இல் வொட்சன், கிறிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு. பிராங்ளின் 1958 ஏப்ரலில், 37 வயதில், புற்றுநோயால் இறந்துபோயிருந்தார்.

சின்னச் சின்ன அத்தியாயங்கள், மொத்தம் 29. சும்மா சொல்லக்கூடாது, மனுசன் பொல்லாத எழுத்துக்காரன். விஞ்ஞானம் படிக்காத என்னைப் போன்ற தமிழ்ச் சிறப்புப் பட்டதாரியையும் ஐதரசன் பிணைப்பு பொருந்துமா பொருந்தாதா என்று நகம் கடிக்க வைத்துவிடுகிறார். குளிர்கிற அறை, வாய்க்கு விளங்காத சாப்பாடு, டெனிஸ் விளையாட்டு, விருந்துகளில் பெண்களைத் தேடும் கண்கள், மேலதிகாரியான சேர் லோறன்ஸ் பிறாக்கின் எரிச்சல் எல்லாம் அதில் வருகின்றன. கிறிக்கிடம் பணிவு என்பதையே தான் கண்டதில்லை என்ற பொருளில்தான் முதல் அத்தியாயம் தொடங்குகிறது. இவ்வளவுக்கும் பிறகு அதே பிறாக் முன்னுரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நூலில் வருகிறவர்கள் பெருந்தன்மையோடு வாசிக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொள்கிறார். அந்த முன்னுரையே ஒரு தனிச் சிறுகதை.

விஞ்ஞானிகளைப் பற்றி நமது சமூகத்தில் எழுதப்படுவதை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றில், இதெல்லாம் எங்கள் வேதத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்று மேடையில் முழங்குவோம். இல்லாவிட்டால் இப்னு ஹைதமையும் இப்னு சீனாவையும் பட்டியல் போட்டுப் பெருமூச்சு விடுவோம். விஞ்ஞானி ஒருவர் தானே எழுதிய உரைநடையை உரைநடையாக எடுத்து, அதில் அவர் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார், எப்படி நம்ப வைக்கிறார் என்று வாசிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. இத்தனைக்கும் அறிவிப்பாளர்களைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும் கலையை ஒரு தனி இல்மாக வளர்த்தெடுத்த மரபு நமது மரபு.

அந்த மரபிலிருந்து ஒரு கருவியை எடுத்து இந்நூலில் பிரயோகிக்கலாம். காதி நீதிமன்றத்தின் படியேறி இறங்கியவர்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான். ஒருவர் தனக்கெதிராகத் தானே ஒப்புக்கொள்வது இக்ரார். அதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் இக்ரார் ஒப்புக்கொண்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும், அடுத்தவர்மேல் பாயாது. அடுத்தவரைப் பற்றி அவர் சொல்வது தஃவா, வெறும் உரிமைகோரல். அதற்கு அவர்தான் ஆதாரம் கொண்டுவர வேண்டும். நானும் களவெடுத்தேன், அவனும் களவெடுத்தான் என்று ஒருவன் சொன்னால் முதல் பாதியோடு வழக்கு முடியும். இரண்டாம் பாதிக்கு விசாரணை வேண்டும்.

வொட்சனின் நூல் பெற்ற புகழ் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததால் வந்தது என்பது என் கட்சி. தன்னைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிற மனிதர் பிறரைப் பற்றியும் உண்மையைத்தான் எழுதுவார் என்று வாசகர் தாமாகவே முடிவுகட்டிவிடுகிறார். தன்மேல் போட்டுக்கொள்ளும் சேறு, பிறர்மேல் எறியும் சேற்றுக்கு அனுமதிப்பத்திரமாகிவிடுகிறது.

முதலில் இக்ராரைப் பார்ப்போம். அதில் வொட்சன் உண்மையிலேயே அசாதாரணமானவர். 1951 வசந்தத்தில் நேப்பிள்ஸ் நகரக் கூட்டமொன்றில் வில்கின்ஸ் காட்டிய டி.என்.ஏ. படத்தைப் பார்த்துக் கிறங்கிப்போகிறார். பிறகு, தன் தங்கை எலிசபெத்தோடு வில்கின்ஸ் ஒரே மேசையில் சாப்பிடுவதைக் காண்கிறார். வில்கின்ஸுக்குத் தங்கையைப் பிடித்துப்போனால் அந்த எக்ஸ் கதிர் ஆய்வுக்குள் தானும் நுழைந்துவிடலாமே என்று மனக்கணக்குப் போட்டதை மறைக்காமல் எழுதுகிறார். எந்த விஞ்ஞானி இதை எழுதுவார்? நம் ஊர் மணிவிழா மலர்களை வாசித்துப் பழகிய கண்ணுக்கு இது அதிர்ச்சி. அங்கே எல்லாரும் பிறக்கும்போதே பண்பாளர்கள், சேவைச் செம்மல்கள்.

1951 நவம்பரில் லண்டனில் பிராங்ளின் தன் ஆய்வு பற்றி ஓர் உரை நிகழ்த்துகிறார். வொட்சன் போய் உட்கார்ந்திருக்கிறார். குறிப்பு எடுக்கவில்லை. கடதாசியில் எழுதிக்கொள்ளும் பழக்கம் தனக்கு இல்லை என்கிறார். பேச்சை விட்டு, இந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைமுடியை வேறு மாதிரி வைத்துக்கொண்டால் எப்படியிருப்பாள் என்ற யோசனையில் மனம் போனதையும் சொல்லிவிடுகிறார். விளைவு என்ன? டி.என்.ஏ.யில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பிராங்ளின் சொன்ன கணக்கு அவருடைய தலையில் பிழையாகப் பதிகிறது. அந்தப் பிழையை நம்பி அவரும் கிறிக்கும் மூன்று இழைகள் கொண்ட, பொஸ்பேட் கூட்டங்கள் உள்ளே இருக்கும் மாதிரியுரு ஒன்றைக் கட்டுகிறார்கள். லண்டனிலிருந்து கூட்டமாக வந்து பார்த்த பிராங்ளின், சில நிமிடங்களில் அதை உடைத்துப்போடுகிறார். சரியான மாதிரியுருவில் இதைவிடக் குறைந்தது பத்து மடங்கு நீர் இருக்க வேண்டும் என்பது தெரியவருகிறது. அவமானம் தாங்காமல் பிறாக், டி.என்.ஏ. பக்கம் போகக்கூடாதென்று இருவருக்கும் தடை போடுகிறார்.

இது இக்ரார். ஏற்றுக்கொள்வோம். ஆனால் இதற்குள்ளேயே வேறொன்றும் கிடக்கிறது. அறிவிப்பாளரிடம் இரண்டு தகைமைகளை நம் முஹத்திஸ்கள் தேடினார்கள். ஒன்று நாணயம், மற்றது நினைவின் துல்லியம். நல்ல மனிதராக இருந்தும் நினைவு பிசகுகிறவர் என்பதற்காக எத்தனையோ பேரின் அறிவிப்புகள் தள்ளிவைக்கப்பட்டன. சில நாட்களுக்கு முன் கேட்ட உரையில் சொன்ன ஓர் எண்ணைக்கூடச் சரியாக நினைவில் வைத்திருக்க முடியாதவர் என்று வொட்சன் தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லியிருக்கிறார். அதே நபர், பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, ஆய்வுகூடத்தில் நடந்த சண்டைகளையும் முகபாவங்களையும் நமக்குக் காட்சி காட்சியாக விரிக்கிறார். பெற்றோருக்கு எழுதிய கடிதங்கள் திகதிகளுக்கு உதவின என்கிறார். திகதிக்கு உதவும். ஒரு பெண்ணின் முகத்தில் தெரிந்தது கோபமா, களைப்பா, சலிப்பா என்பதற்குக் கடிதம் எப்படி உதவும்?

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம்.

நூலில் றொசலின்ட் பிராங்ளின் பெரும்பாலும் ‘றோசி’. நேரில் யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் அது. அந்தப் பெயரை வைத்துத்தான் வொட்சன் ஒரு பாத்திரத்தை உருவாக்குகிறார். உதட்டுச் சாயம் பூசாதவள், உடுப்பில் அக்கறையில்லாதவள், சிடுமூஞ்சி, வில்கின்ஸின் உதவியாளாக இருக்க வேண்டியவள் அடங்க மறுக்கிறாள். கடைசியாகச் சொன்னது வெறும் குணவர்ணனை இல்லை, தகவற்பிழை. பாரிஸில் எக்ஸ் கதிர் நுட்பத்தில் தேர்ச்சி பெற்று 1951 ஜனவரியில் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தவர் பிராங்ளின். டி.என்.ஏ.யின் எக்ஸ் கதிர் வேலை அவருடைய பொறுப்பென்று, அங்கு தலைமை வகித்த ஜோன் றண்டோல் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். வில்கின்ஸுக்கு அந்த விஷயம் சரியாகச் சொல்லப்படவில்லை. மேலே இருந்த ஒருவரின் பொறுப்பின்மையால் கீழே இருவர் பகைத்துக்கொண்டார்கள். இது எந்தக் கந்தோரிலும் நடப்பது. நூலிலோ அது ஒரு பெண்ணின் குணக்கோளாறாகிவிடுகிறது.

சூறா அல்-ஹுஜுராத்தில் பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் வசனமும் புறம் பேசுவதைத் தடுக்கும் வசனமும் அடுத்தடுத்து, 11 ஆவதும் 12 ஆவதுமாக, வருகின்றன. இரண்டும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் இந்நூலைக் காட்டலாம் போலிருக்கிறது. பட்டப்பெயர் வைத்தபின் அங்கே ஒரு மனுசி இல்லை, ஒரு பொம்மைதான் இருக்கிறது. பொம்மையைப் பற்றி எதையும் சொல்லலாம்.

உயர்தர வகுப்பு உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்நூலின் சில பக்கங்களைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். உடனே ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் காரியம் முடிந்துவிடும். தமிழில் பெண்ணைப் பற்றிப் பேசினால் அவளா அவரா என்று முதல் வசனத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். நம் பேச்சில் ‘அவ’ என்று இடையில் இன்னொன்றும் உண்டு. உம்மாவையும் ரீச்சரையும் பக்கத்து வீட்டு மூத்த பெண்ணையும் நாம் ‘அவ’ என்றுதான் சொல்கிறோம். வொட்சனின் தொனிக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் ‘அவள்’தான் சரி. கிறிக்கும் வில்கின்ஸும் ‘அவர்’, பிராங்ளின் மட்டும் ‘அவள்’. இதைத் தமிழில் எழுதும்போதுதான் மூலத்தின் அநீதி உறைக்கிறது. ஆங்கிலம் மூடிவைத்திருந்ததை நமது விகுதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. அடுத்த சிக்கல் நூலின் கடைசி இரண்டு பக்கங்களில். அங்கே ‘அவள்’ என்று எழுதக் கை வரவில்லை.

அந்தக் கடைசிப் பக்கங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நூலின் நடுநாயகமான காட்சி. 1953 ஜனவரி 30. போலிங் தன் மாதிரியுருவைப் பற்றி எழுதிய கட்டுரையின் பிரதி கேம்பிரிட்ஜுக்கு வந்திருக்கிறது. அதுவும் மூன்றிழை, அதுவும் பிழை. வொட்சன் அதை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போகிறார். கதவு கொஞ்சம் திறந்திருக்க, பிராங்ளினின் ஆய்வுகூடத்துக்குள் தானாகவே நுழைகிறார். சுருள் வடிவம் பற்றிய வாக்குவாதம். எக்ஸ் கதிர்ப் படங்களை வாசிக்கத் தெரியாதவர் என்று அவரைச் சீண்டிப் பார்க்கிறார். பிராங்ளின் மேசையைச் சுற்றித் தன்னை நோக்கி வருகிறார், அடித்துவிடப்போகிறார் என்று பயந்து போலிங்கின் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறார். வாசலில் வில்கின்ஸ். இருவரும் நடந்துபோகிறார்கள். பகையைப் பங்குபோட்ட நெருக்கத்தில் வில்கின்ஸ் பக்கத்து அறையிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்து காட்டுகிறார். பிற்காலத்தில் ‘51 ஆம் இலக்கப் படம்’ என்று உலகம் அறிந்துகொண்டது அதைத்தான். பார்த்த கணத்திலேயே வொட்சனுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. திரும்பும் புகையிரதத்தில் செய்தித்தாளின் ஓரத்தில் அதை நினைவிலிருந்து வரைகிறார். கேம்பிரிட்ஜில் இறங்கி, துவிச்சக்கரவண்டியில் போய், கல்லூரியின் பின்கதவில் ஏறிக் குதிக்கும்போது இரண்டு இழைதான் என்று தீர்மானித்தாகிவிட்டது.

கதை கட்டுபவன் என்ற முறையில் இதைவிடச் சிறப்பாக யாரும் அடுக்க முடியாது. முதலில் கோபக்காரியின் விரட்டல், அடுத்து அடிபட்ட ஆண்கள் இருவரின் ஒற்றுமை, அதன் பரிசாகப் படம். படத்தை எடுத்தவருக்குத் தெரியாமல் அது கைமாறுகிறது என்ற உண்மை, அவரைப் பூதமாக்கிய காட்சிக்குப் பிறகு வருவதால், வாசகருக்கு உறுத்துவதில்லை. நான் முதன்முறை வாசித்தபோது எனக்கும் வொட்சன் தப்பிவிட்டாரே என்ற நிம்மதிதான் வந்தது. எழுத்தின் ஆற்றல் அது. அதனால்தான் ஆபத்தும்.

இந்தப் படத்தின் இஸ்னாதை எழுதிப் பார்க்கலாம். 1952 மே மாதம், பிராங்ளினின் மேற்பார்வையில் மாணவர் றேமண்ட் கொஸ்லிங் எடுத்தது. பிராங்ளின் கிங்ஸை விட்டு பேர்க்பெக் கல்லூரிக்குப் போகவிருந்த வேளையில் கொஸ்லிங் வில்கின்ஸின் பொறுப்புக்கு மாறுகிறார். படமும் வில்கின்ஸின் கைக்கு வருகிறது. இதுவரை வரிசையில் முறிவில்லை, ஒரே நிறுவனத்துக்குள் நடந்த கைமாற்றம். வில்கின்ஸிடமிருந்து வொட்சனிடம் போன இடத்தில்தான் கேள்வி. படம் ஒருபுறமிருக்க, அதைவிடப் பெறுமதியான இன்னொன்றும் போனது. கிங்ஸ் குழு 1952 டிசம்பரில் மருத்துவ ஆராய்ச்சிச் சபைக்கென்று எழுதிய அறிக்கை. அதில் பிராங்ளினின் அளவீடுகள் இருந்தன. மக்ஸ் பெறூட்ஸ் அதை கேம்பிரிட்ஜ்காரர்களிடம் கொடுத்தார். அந்த அளவுகளில் இருந்த சமச்சீரைக் கண்டு, இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதை கிறிக் பிடித்துக்கொண்டார். அறிக்கை இரகசியமானதல்ல என்று பெறூட்ஸ் 1969 இல் எழுத்தில் வாதாடினார். அது சரியாகவே இருக்கலாம். இரகசியம் இல்லாத பொருளும் அமானிதமாக இருக்க முடியும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இங்கே வொட்சனுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? முதலில் வொட்சன் சொல்லித்தான். 1953 ‘நேச்சர்’ கட்டுரையை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலான, இறுக்கமான, கண்ணியமான கட்டுரை. அதே இதழில் அடுத்து வரும் கிங்ஸ் கட்டுரைகளின் விவரங்களைத் தாங்கள் அறிந்திருக்கவில்லை என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் உண்டு. வில்கின்ஸ், பிராங்ளின் ஆகியோரின் வெளிவராத பெறுபேறுகள் பற்றிய பொதுவான அறிவு தூண்டுதலாக இருந்ததென்று கடைசியில் ஒரு நன்றி. பொதுவான அறிவு! பதினைந்து வருடம் கழித்து வந்த இந்த வம்பு நூல்தான் அந்தப் ‘பொதுவான அறிவு’ என்னவென்று சொன்னது: படம் பார்த்தோம், அறிக்கை வாசித்தோம், அளவை எடுத்தோம். பளிச்சென்ற விஞ்ஞானக் கட்டுரையில் இல்லாத உண்மை, அரட்டை நூலில் இருக்கிறது. எனவே, இது வெறும் அவதூறு, தூக்கி எறியுங்கள் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். எறிந்தால் பிராங்ளினுக்கான முதல் சாட்சியத்தையும் சேர்த்தே எறிந்துவிடுவோம்.

தஃவாவின் பக்கத்தில், பிறரின் சாட்சியங்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. நூல் வெளிவரும்போது பிராங்ளின் இறந்து பத்து வருடம். பதில் சொல்ல அவர் இல்லை. அவருடைய சிநேகிதி ஆன் சாயர் 1975 இல் பதில் எழுதினார். நட்பின் சூடு கூடிய நூல் அது. சில இடங்களில் வழக்கறிஞர் வாதம் போல இருக்கும். 2002 இல் பிரெண்டா மடொக்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு நிதானமானது. அதில் வரும் பிராங்ளின், பாரிஸ் உடைகளை விரும்பியவர், மலையேறுபவர், நண்பர்களுக்குச் சமைத்துப் போடுபவர். கோபமும் வரும், முகத்துக்கு நேரே பேசுவதும் உண்டு. வில்கின்ஸ் 2003 இல் தன் பக்கத்தை எழுதினார். பேர்க்பெக்கில் பிராங்ளினோடு வேலை செய்தவரும், பின்னாளில் 1982 இல் தானே நோபல் பரிசு பெற்றவருமான ஆரன் குளுக், அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டி, அவர் விடைக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்பதைக் காட்டினார்.

அவரைச் சுருளுக்கு எதிரானவர் என்று வொட்சன் சித்திரித்ததில் அரைவாசி உண்மை இருக்கிறது. டி.என்.ஏ. இரண்டு நிலைகளில் காணப்படும். உலர்ந்த நிலை, ஈரமான நிலை. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதே பிராங்ளினின் பெரிய சாதனைகளில் ஒன்று. உலர்ந்த நிலை சுருள் இல்லை என்று 1952 இல் அவர் சில காலம் நினைத்தார். அது பிழை. ஆதாரம் போதாமல் மாதிரியுரு கட்டமாட்டேன் என்று பிடிவாதமாகவும் இருந்தார். வொட்சன் இதைக் கண்டிப்பின் குறையாகக் காட்டுகிறார். குறிப்பே எடுக்காமல் மாதிரியுரு கட்டி மூக்குடைபட்ட ஒருவர் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. அதே நேரம், அவசரக்காரர்தான் பந்தயத்தில் வென்றார் என்பதும் உண்மை. மூலங்களின் சரியான வடிவம் பாடப்புத்தகங்களில் உள்ளதல்ல என்று, ஒரே அறையில் இருந்த ஜெறி டொனஹ்யூ சொல்லியிராவிட்டால் அட்டை வடிவங்கள் பொருந்தியிரா. இந்த நன்றிக்கடனை வொட்சன் தாராளமாக ஒப்புக்கொள்கிறார். டொனஹ்யூவுக்குக் கொடுத்த இந்தத் தாராளம் பிராங்ளினுக்கு நூலின் உடலில் கிடைக்கவில்லை.

உடலில் கிடைக்காதது வாலில் கிடைக்கிறது. முடிவுரையில் வொட்சன், பிராங்ளினைப் பற்றி இந்நூலின் முற்பகுதியில் பதிந்த ஆரம்ப அபிப்பிராயங்கள் விஞ்ஞான ரீதியாகவும் ஆளாகவும் பல இடங்களில் பிழை என்கிறார். அவருடைய ஆய்வுகளின் தரத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். அறிவுள்ள ஒரு பெண் விஞ்ஞான உலகில் பட வேண்டியிருந்த பாடு தனக்கு மிகப் பிந்தித்தான் உறைத்தது என்கிறார். சாகும் நோய் என்று தெரிந்தும் கடைசி வாரங்கள்வரை அவர் உயர்தரமான வேலை செய்துகொண்டிருந்ததைச் சொல்லி முடிக்கிறார். நல்ல பக்கங்கள். ‘அவள்’ என்று எழுதக் கை வராத பக்கங்கள்.

ஆனால் ஒரு வாசகனாக எனக்கு இதில் திருப்தியில்லை. 23 வயதுப் பொடியனின் கண்ணால் பார்த்ததை அப்படியே தருகிறேன், பிறகு அறிந்ததைக் கொண்டு திருத்தமாட்டேன் என்று முன்னுரையில் அவர் ஒரு நிபந்தனை போடுகிறார். கலைக்கு அது நல்ல நிபந்தனை. நாவலாசிரியர்கள் செய்வதுதான். நாவலில் அந்தப் பொடியனின் குருட்டுத்தனம் நமக்குப் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்படி ஆசிரியர் வேறொரு குரலை உள்ளே ஓடவிடுவார். வொட்சன் அதைச் செய்யவில்லை. 40 வயது எழுத்தாளர் 23 வயதுப் பொடியனோடு சேர்ந்தே சிரிக்கிறார். இரண்டு வயதுகளுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை முழுவதுமாக எடுத்து, கடைசி இரண்டு பக்கங்களில் கொட்டிவிட்டார். பிழை என்று தெரிந்த அபிப்பிராயத்தை இருநூறு பக்கம் சுவைபடச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்தில் அது பிழை என்பது என்ன கணக்கு? வாசகர் மனதில் நின்றது றோசிதான். சாயரும் மடொக்ஸும் எழுத வேண்டி வந்ததே அதற்குச் சாட்சி.

பிற்கால வொட்சனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007 இல் ஆபிரிக்க மக்களின் அறிவாற்றல் பற்றி அவர் சொன்னது பெரும் கண்டனத்துக்குள்ளானது. தான் பல்லாண்டு கட்டிவளர்த்த கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் ஆய்வுகூடத்தில் பதவியை இழந்தார். 2019 இல் மீண்டும் அதே கருத்தில் நின்றபோது கௌரவப் பட்டங்களையும் அந்த ஆய்வுகூடம் பறித்தது. அதை வைத்து 1968 நூலுக்குத் தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்வதே நேர்மை, சொன்னதற்கு ஆதாரம் காட்டுவது தன் வேலையல்ல என்ற மனப்பாங்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பிள்ளைகளுக்கு இந்நூலைக் கொடுக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். விருந்தும் மதுவும் பெண்களைப் பற்றிய பேச்சும் அவருக்குத் தயக்கம். எனக்கு அது பெரிய தயக்கமில்லை. விஞ்ஞானம் மலையுச்சியில் தனியே உட்கார்ந்து செய்யும் தவமல்ல, பொறாமையும் பசியும் அதிர்ஷ்டமும் கூட்டாளியும் சேர்ந்த வேலை என்று இவ்வளவு உயிரோடு சொல்லும் நூல் வேறு எனக்குத் தெரியாது. வைத்தியத்துறைக்கும் பொறியியலுக்கும் மட்டுமே பிள்ளையைத் தள்ளும் பெற்றோரின் வீடுகளில், கண்டுபிடிப்பு என்ற ஒன்றின் மீது ஆசை வரவைக்கும். என் நிபந்தனை வேறு. மடொக்ஸின் நூலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முடிவுரையை முதலில் வாசிக்கச் சொல்ல வேண்டும். ‘றோசி’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ‘கலாநிதி பிராங்ளின்’ என்று மாற்றி எழுதிக்கொண்டு வாசிக்கச் சொல்லலாம். எத்தனை வசனங்கள் அதன் பிறகும் தாங்கி நிற்கின்றன என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

அந்த வகுப்பில் பக்கங்களைச் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அவ எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பா?”

பிராங்ளின் சுயசரிதை எழுதவில்லை. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் கேம்பிரிட்ஜ் சேர்ச்சில் கல்லூரியின் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. அதில் 1953 பெப்ரவரி 24 ஆம் திகதி, அதாவது வொட்சனின் அட்டைகள் பொருந்துவதற்கு நான்கு நாட்கள் முன்பு, இரண்டு நிலைகளுமே இரண்டு இழைகள் கொண்ட சுருள்தான் என்ற முடிவுக்கு அவர் வந்துகொண்டிருந்தது தெரிகிறது. யாரைப் பற்றியும் அதில் ஒரு கதையும் இல்லை. அளவுகளும் கணக்குகளும்தான்.